படியேறும்போது பேஸ்மேக்கர் என்ன செய்கிறது?

இதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன: உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை, எழுந்து வேலை செய்தால்தான் தொல்லை. எனக்கு இது புதிதல்ல. பேஸ்மேக்கர் பரிசோதனை அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மருத்துவர் நான். அங்கே வருகிறவர் கட்டிலில் படுக்கிறார். பேட்டரி, இதயத்துக்குள் போகும் வயர், துடிப்பு எல்லாவற்றையும் படுத்த நிலையிலேயே பார்த்து, சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கு மூச்சு வாங்குவதோ மாடிப்படியில். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் உடலுழைப்பின்போது பேஸ்மேக்கர் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 67. இதயத்தில் முழு அடைப்பு, அதாவது ஹார்ட் பிளாக், என்று சொல்லி ஒற்றை வயர் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மயக்கம் நின்றுவிட்டது. ஆனால் மேடான சாலையில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. சும்மா இருக்கும்போது நாடி பார்த்தேன், 70. மூச்சிரைத்து நிற்கும்போது பார்த்தேன், அப்போதும் அதே 70. எக்கோ நன்றாக இருக்கிறதாம். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை ஐயா. வயதாகிவிட்டது என்ற பதில் எனக்குப் பிடிக்காது. மற்ற காரணங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும். நாடியை இரண்டு நிலைகளிலும் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லிலிட்டர். ஓய்வில் 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். மேட்டில் ஏறும்போது தசைகள் இதைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்கின்றன. ஆரோக்கியமான இதயம் பெரும்பகுதியைத் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் கொடுக்கிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் அளவும் கூடும். ஆனால் சாதாரண மனிதர்களில் அது கடும் உழைப்பின் பாதி நிலைக்குள்ளேயே தன் உச்சத்தை நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் வேண்டியதை எல்லாம் எண்ணிக்கைதான் தர வேண்டும்.

உங்கள் கருவி விவிஐ என்ற முறையில் ஓடுகிறது என்று ஊகிக்கிறேன். உங்கள் பேஸ்மேக்கர் அட்டையில் இந்த எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து எந்த அறையைத் தூண்டுகிறது என்பது, இரண்டாவது எந்த அறையைக் கவனிக்கிறது என்பது, மூன்றாவது கவனித்ததற்கு என்ன செய்கிறது என்பது. விவிஐ என்றால் ரத்தத்தை வெளியே அனுப்பும் கீழறையைத் தூண்டும், கீழறையைக் கவனிக்கும், தானாகத் துடிப்பு வந்தால் பேசாமல் இருக்கும். துடிப்பு மேலறையில் தொடங்கிக் கீழறைக்குப் போக வேண்டும்; நடுவில் அந்த மின்பாதை தடைபடுவதே ஹார்ட் பிளாக். அதனால் உங்கள் கீழறைக்குத் தானாகத் துடிப்பு வருவதில்லை. ஆகவே தூங்கினாலும் ஏறினாலும் 70. உங்கள் இதயம் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. ஒரு துடிப்பின் அளவை 100 மில்லிலிட்டர் வரை கூட்டினாலும் மொத்தம் 7 லிட்டர்தான். அதே 100 மில்லிலிட்டரோடு துடிப்பு 120 ஆகியிருந்தால் 12 லிட்டர். குறைகிற பங்கை ஈடுகட்டத் தசைகள் வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வழக்கத்தைவிட அதிகமாகப் பிழிந்து எடுக்கின்றன. அதுவும் தீர்ந்த இடத்தில் நீங்கள் நின்றுவிடுகிறீர்கள்.

உலகில் முதன்முதலாக ஒரு மனிதரின் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்வீடனில். நோயாளி ஆர்னே லார்சன், கருவியை உருவாக்கியவர் ரூனே எல்ம்குவிஸ்ட், அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். அந்தக் காலக் கருவிகளுக்கு ஒரே வேகம்தான் தெரியும், உயிரைக் காப்பதே அன்று பெரிய காரியம். இன்று அப்படியில்லை. ஒற்றை வயர் கருவிகளிலும் நான்காவதாக ஆர் என்ற எழுத்துக்கு இடம் உண்டு. உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் வசதி அது. பல கருவிகளில் அது உள்ளேயே இருக்கும், ஆனால் முடுக்கி வைக்கப்பட்டிருக்காது. வெளியிலிருந்தே, அமைப்புகளை மாற்றும் புரோகிராமர் என்ற கருவி மூலம் முடுக்கிவிடலாம், கத்தி வைக்க வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் இதற்காகவே போய்க் கேளுங்கள்.

உங்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். துடிப்பு கூடினால் இதயத் தசையே கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். மூச்சிரைப்பை நீக்கப்போய் நெஞ்சுவலியை வரவழைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு உச்ச வரம்பை 110 போலத் தாழ்வாக வைத்துத் தொடங்குவேன். இது போதவில்லை என்றால், மேலறைக்கு இன்னொரு வயர் சேர்ப்பது பற்றிப் பேட்டரி மாற்றும் நேரத்தில் ஆலோசிக்கலாம். உங்கள் மேலறை சரியாகத் துடிக்கிறது என்றால் அதன் பின்னால் போவதே இயற்கைக்கு மிக நெருக்கமான வழி.

கேள்வி: வயது 59, பெண். சைனஸ் கணு பலவீனம் என்று ஒற்றை வயர் கருவி. துடிப்பைக் கூட்டும் வசதியும் முடுக்கித்தான் இருக்கிறது. ஆனாலும் வேகமாக நடந்தால் கழுத்தில் தடதடவென்று அடிக்கிறது, தலை கனக்கிறது, ஒருமுறை கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பயம்தான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: அம்மா, மாத்திரை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கழுத்துத் துடிப்பை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், அதே நேரத்தில் ஈசிஜி எடுக்க வேண்டும், ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்ற நிலையோடு மிகவும் ஒத்துப்போகிறது.

சைனஸ் கணு என்பது மேலறையில் இயற்கைத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் இடம். அதில் பலவீனம் உள்ள பலருக்கு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மின்பாதை நன்றாகவே இருக்கும். கருவி கீழறையைத் தூண்டும்போது அந்த மின் அலை அதே பாதையில் பின்னோக்கி மேலே ஏறி மேலறையையும் சுருங்க வைக்கிறது. அந்தக் கணத்தில் கீழறை சுருங்கிக்கொண்டிருப்பதால் நடுவில் உள்ள வால்வு மூடியிருக்கிறது. தாழிட்ட கதவைத் தோளால் தள்ளுவது போல மேலறை வீணாக முட்டுகிறது. ரத்தம் முன்னே போக வழியில்லாமல் கழுத்து நரம்புகளுக்குத் திரும்புகிறது. அதுதான் உங்களுக்குத் தடதடப்பு. விரிந்த மேலறை ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் சமிக்ஞையையும் அனுப்புகிறது, அதனால் அழுத்தம் இறங்குகிறது, கண் இருட்டுகிறது. நடக்கும்போது அதிகமாவதற்குக் காரணம், சென்சார் வேகத்தைக் கூட்டக் கூட்ட உங்கள் சொந்தத் துடிப்பு பின்தங்கிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் கருவியின் துடிப்பாகிறது.

இது அபூர்வமும் அல்ல. சைனஸ் கணு நோயாளிகள் 2010 பேரிடம் நடந்த மோஸ்ட் என்ற ஆய்வு 2002இல் வெளிவந்தது. எல்லோருக்கும் இரண்டு வயர் வைத்து, பாதிப் பேருக்குக் கீழறையை மட்டும் தூண்டும்படி அமைத்தார்கள். அவர்களில் சுமார் 18 சதவீதம் பேரை இந்தச் சிண்ட்ரோம் காரணமாகவே இரட்டை அறை முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. மரணத்திலும் பக்கவாதத்திலும் இரு முறைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அதை வைத்துக்கொண்டு எந்த முறையானால் என்ன என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. உயிரோடு இருப்பதும் தெருமுனைவரை நடந்து போய் வருவதும் ஒன்றல்ல.

தற்காலிகமாக, அடிப்படை வேகத்தைக் குறைத்து உங்கள் சொந்தத் துடிப்புக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். நிலையான தீர்வு மேலறையைத் தூண்டும் வயர்தான். மேலறை முதலில் சுருங்கினால் கீழறைக்கு நிரப்பும் ரத்தத்தில் ஓய்வு நிலையில் 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கிறது. கீழறை தடித்து விறைத்தவர்களுக்கு அந்தப் பங்கு இன்னும் முக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரெட்மில்லில் உச்சம் வரை ஓடவிட்டு ஒப்பிட்ட பல ஆய்வுகளில், துடிப்பைக் கூட்டும் ஒற்றை வயர் முறையும் இரட்டை வயர் முறையும் ஏறக்குறைய ஒரே தூரத்தைக் கொடுத்திருக்கின்றன. உச்ச உழைப்பில் எண்ணிக்கையின் பங்கு அவ்வளவு பெரியது. மேலறை நிரந்தரமாக நடுங்கிக்கொண்டிருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கு ஒற்றை வயரும் ஆர் எழுத்தும் சரியான தேர்வு. அவர்கள் இதைப் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: 41 வயது. இரண்டு வயர் கருவி, டிடிடி. ஓட்டப்பயிற்சி செய்கிறேன். மெதுவாக ஓடினால் பிரச்சினையே இல்லை. வேகம் கூட்டியதும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் யாரோ மின்சாரத்தை நிறுத்தியது போல் கால் ஓய்ந்துவிடுகிறது. கைக்கடிகாரத்தில் 118, 120 என்று ஏறி, திடீரென்று 60 காட்டுகிறது. நின்று சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. கடிகாரம் பழுதா, கருவி பழுதா?

பதில்: இரண்டும் பழுதில்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் பரபரப்பாக்கியது உங்களுடையதுதான், ஏனென்றால் 120, 60 என்ற இரண்டு எண்களும் கணக்கைத் தாங்களே போட்டுவிட்டன. சரிபாதி! இதயம் களைத்துப்போனால் இவ்வளவு துல்லியமாகப் பாதியாகாது.

டிடிடி என்றால் இரண்டு அறைகளையும் கவனித்து இரண்டையும் தூண்டும் முறை. உங்கள் மேலறை துடிக்கும்போது கருவி அதைக் கவனிக்கிறது, சிறிது நேரம் காத்திருக்கிறது, பிறகு கீழறையைத் தூண்டுகிறது. அந்தக் காத்திருப்பு 180 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். கீழறையைத் தூண்டிய பிறகு கருவி மேலறையைப் பார்க்காமல் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்கிறது. முந்தைய கேள்வியில் சொன்னேன் அல்லவா, மின் அலை பின்னோக்கி ஏறி மேலறையைச் சுருங்க வைக்கும் என்று? அதைப் புதிய துடிப்பு என்று நினைத்துக் கருவி மறுபடி தூண்டினால், அது மறுபடி மேலே ஏறினால், முடிவில்லாத சுழற்சியில் இதயம் வேகமாக ஓடத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கண்மூடும் நேரம். அது 320 மில்லிவினாடி என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 500. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லிவினாடி. 60,000ஐ 500ஆல் வகுத்தால் 120.

அதாவது உங்கள் மேலறை 120 வரை போனால் கருவி ஒவ்வொரு துடிப்பையும் பின்தொடரும். 121 ஆனதும் ஒன்று விட்டு ஒரு துடிப்பு அந்தக் கண்மூடிய நேரத்துக்குள் விழுகிறது. கருவிக்கு அது தெரியவே தெரியாது. கீழறைக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது. உச்ச வேகத்தில் ஓடும் மனிதருக்கு ரத்தம் ஒரே கணத்தில் பாதியாகக் குறைந்தால் கால் ஓயாமல் என்ன செய்யும்? ஓட்டத்தை நிறுத்தியதும் மேலறை 120க்குக் கீழே இறங்குகிறது, எல்லாம் சீராகிவிடுகிறது. படுக்க வைத்துப் பார்க்கும்போது மேலறை 70இல் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது.

முறையாக அமைத்த கருவியில் இந்த வீழ்ச்சி திடீரென்று வராது. உச்ச வரம்பு என்று ஓர் எண்ணைத் தருவார்கள். அது பாதியாகும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு மெத்தை கிடைக்கிறது. அந்த இடைவெளியில் கருவி காத்திருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, எப்போதாவது ஒரு துடிப்பை மட்டும் விடும். வென்கிபாக் என்று மருத்துவத்தில் சொல்வார்கள். நோயாளிக்கு அது லேசான தட்டுத்தடுமாற்றமாகத் தெரியும், கால் ஓயாது. உங்களுக்கு அந்த மெத்தை இல்லை. உச்ச வரம்பு 130 என்றே அட்டையில் எழுதியிருக்கலாம், ஆனால் 120இலேயே பாதை அடைபடுவதால் அந்த 130க்கு அர்த்தமே இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. இயற்கையான இதயத்தில் வேகம் கூடும்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இடைவெளி தானாகச் சுருங்கும். கருவியிலும் அதே வசதி உண்டு, முடுக்க வேண்டும். காத்திருப்பு வேகத்தோடு சேர்ந்து 100 வரை குறையட்டும், கண்மூடும் நேரமும் அதேபோல 220 வரை குறையட்டும். கூட்டினால் 320, வகுத்தால் 187. 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் உங்கள் வயதுக்கு எதிர்பார்க்கும் உச்சம் 179தான். அதற்கு மேலே பாதை திறந்திருக்கிறது, உச்ச வரம்பை 160 போல வைத்துவிட்டால் மெத்தையும் கிடைத்துவிடுகிறது. நான் எழுதிய எண்கள் விளக்கத்துக்கானவை. உங்கள் கருவியின் எண்களை அச்சிட்டு வாங்கி, இதே கூட்டலையும் வகுத்தலையும் நீங்களே போட்டுப் பாருங்கள். பின்னோக்கிய மின் அலை உங்களுக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று அளந்த பிறகே கண்மூடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மாற்றிய பிறகு டிரெட்மில்லில் அதே வேகத்துக்கு ஓடிக் காட்டாமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். அதுவரை வேகத்தை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தனியாகவும் ஓட வேண்டாம்.

கேள்வி: நடைப்பயிற்சியில் என் துடிப்பு 105 வரை போகிறது. சைக்கிள் மிதித்தால் எவ்வளவு முக்கினாலும் 75. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் சும்மா உட்கார்ந்து போனால் 95! ஏன் இந்தத் தலைகீழ்?

பதில்: உங்கள் கருவிக்குள் இருப்பது அசைவை உணரும் சென்சார். அதற்கு உழைப்பு தெரியாது, குலுக்கல்தான் தெரியும். நடக்கும்போது நெஞ்சு குலுங்குகிறது. சைக்கிளில் கால் உழைக்கிறது, நெஞ்சு அசையாமல் இருக்கிறது. படியில் ஏறுவதைவிட இறங்கும்போது துடிப்பு கூடுகிறது என்று சிலர் குழம்புவதும் இதனால்தான். இறங்குவதில் அதிர்வு அதிகம், உழைப்பு குறைவு. எடை தூக்குவதும் இந்தச் சென்சாருக்குத் தெரியாது.

மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் அளக்கும் வேறு வகைச் சென்சார் உண்டு. வயருக்கும் கருவிப் பெட்டிக்கும் நடுவே மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, நெஞ்சு விரிந்து சுருங்கும்போது மின்தடை மாறுவதைக் கவனிக்கிறது. சைக்கிளுக்கும் மேட்டுக்கும் இது நன்றாக ஒத்துழைக்கும், ஆனால் புறப்படும்போது மந்தம். அதனால் இரண்டையும் சேர்த்து வைத்த கருவிகளும் இருக்கின்றன. உங்கள் கருவியில் இரண்டாவது சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அசைவுச் சென்சாரின் உணர்திறனைக் கூட்டிச் சைக்கிள் மிதித்தே சோதிக்கலாம், ஆனால் கூட்டினால் வண்டிக் குலுக்கலும் கூடும். எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பரிசோதனை அறையில் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: ஒரு நாளில் என்னென்ன செய்கிறீர்கள்?

கேள்வி: 220இலிருந்து வயதைக் கழித்து வரும் துடிப்பை நான் எட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது சராசரி, உங்கள் இலக்கு அல்ல. பேச்சு தடைபடாத அளவு உழைப்பு போதும். ஆபத்தான வேகத் துடிப்பை நிறுத்த மின்அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவி வைத்திருப்பவர்கள், அது அதிர்ச்சி கொடுக்கத் தொடங்கும் வேகம் எது என்று கேட்டு அதற்குக் குறைந்தது 10, 20 துடிப்பு கீழேயே நிற்க வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. பேஸ்மேக்கர் வைக்கும்போது நன்றாக இருந்த இதயத் தசை இப்போது பலவீனமாகிவிட்டது என்கிறது எக்கோ. நடந்தால் முன்பைவிடச் சீக்கிரம் களைக்கிறார். துடிப்பை இன்னும் கூட்டச் சொல்லலாமா?

பதில்: அதைச் செய்யும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, கீழறையில் எத்தனை சதவீதத் துடிப்புகள் கருவியுடையவை? பரிசோதனை அறிக்கையில் இந்த எண் கட்டாயம் இருக்கும். வலக் கீழறையின் நுனியிலிருந்து தூண்டினால் மின் அலை இயற்கைப் பாதையில் போகாமல் தசை வழியே மெதுவாகப் பரவுகிறது. இடக் கீழறையின் ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் பிந்தியும் சுருங்குகின்றன. பலர் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள், சிலருக்குத் தசை தளர்ந்துவிடுகிறது. 2002இல் வெளிவந்த டேவிட் ஆய்வில், துடிப்பு உதவி தேவைப்படாத ஐசிடி நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 40க்குக் கீழே போனால் மட்டும் ஒற்றை அறைத் தூண்டல், மறு பிரிவுக்கு 70இல் இரட்டை அறைத் தூண்டல். இயற்கைக்கு நெருக்கமானது என்று நினைத்த இரண்டாவது பிரிவில்தான் மரணமும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் அதிகமாக இருந்தன. தேவையில்லாமல் வலக் கீழறையைத் தூண்டியதே காரணம் என்று கருதப்படுகிறது.

இரண்டாவது, அவருடைய துடிப்பு உண்மையில் குறைவாகத்தான் இருக்கிறதா? கருவியே மாதக்கணக்கில் துடிப்புகளைப் பதிந்து வரைபடமாக வைத்திருக்கிறது. சுறுசுறுப்பாக நடமாடுகிறவரின் வரைபடம் 60, 70 என்ற கட்டத்திலேயே முழுதும் குவிந்திருந்தால் சென்சார் தூங்குகிறது என்று பொருள். அப்படி இல்லாமல் 100, 110 வரை பரவியிருந்தால் எண்ணிக்கையில் குறையில்லை, மேலும் கூட்டுவது உதவாது. 2023இல் வந்த ராபிட் ஹெச்எஃப் என்ற சிறிய ஆய்வு இதற்கு நல்ல எச்சரிக்கை. சுருங்கும் ஆற்றல் குறையாத இதயச் செயலிழப்பும், உழைப்பில் துடிப்பு கூடாத குறையும் சேர்ந்தவர்கள் 29 பேருக்கு, மேலறையைத் தூண்டி உழைப்பின்போது துடிப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். துடிப்பு கூடியது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைந்தது. நடக்கும் திறன் கூடவில்லை. விறைத்த இதயம் நிரம்பவே நேரம் கேட்கிறது, அந்த நேரத்தை நாம் பிடுங்கிவிட்டோம்.

உங்கள் தந்தைக்குத் தூண்டல் சதவீதம் அதிகமாகவும், எக்கோவில் தெரியும் பலவீனத்துக்கு மாரடைப்பு போன்ற வேறு காரணம் இல்லாமலும் இருந்தால், கேட்க வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல, தூண்டும் இடத்தைப் பற்றி. இரு கீழறைகளையும் ஒருசேரத் தூண்டும் சிஆர்டி முறை உண்டு. இதயத்தின் இயற்கையான மின்பாதையிலேயே, குறிப்பாக இடக் கிளையின் அருகே, வயரைப் பதிக்கும் முறை 2017இலிருந்து வேகமாகப் பரவி வருகிறது. இரண்டிலும் கீழறை ஒன்றாகச் சுருங்குவதே நோக்கம். பலருக்குச் சில மாதங்களில் தசை ஓரளவு மீள்கிறது. பேட்டரி தீரும்வரை பொறுத்திருக்க வேண்டாம். தூண்டல் சதவீதம், பழைய எக்கோ, புதிய எக்கோ, துடிப்பு வரைபடம் நான்கையும் எடுத்துக்கொண்டு, இந்த வயர்களைப் பதிப்பதில் பழக்கமுள்ள மருத்துவரிடம் இந்த மாதமே போய்ப் பாருங்கள். இரவில் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது, காலில் வீக்கம், சில நாட்களில் எடை கூடியது என்று ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள்.